இந்தியத் தடுப்பூசித் திட்டமும் வளர்ந்தவர் கூலியும்: மறுஆய்வுக்கு எந்த வழி?

அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985 நவம்பர் 19 அன்று தொடங்கியது. முதல் ஆண்டில் 30 சொச்சம் மாவட்டங்கள். அதன்பின் ஆண்டுக்கொரு கட்டமாக விரிந்து 1989-90இல் நாடு முழுவதையும் எட்டியது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்றின் மாவட்டத்துக்குத் திட்டம் வந்திருக்கும், மற்றதன் மாவட்டத்துக்கு வந்திருக்காது. குழந்தைப் பருவத் தடுப்பூசி பெரியவர்களின் வருமானத்தை மாற்றுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல களம் அதிகம் இல்லை.

அமித் சும்மன், அரிந்தம் நந்தி, டேவிட் புளூம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2023இல் இந்தக் களத்தைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் திட்டம் கிடைத்தவர்களின் வாரக் கூலி 0.138 மடக்கை அலகும் (ஏறத்தாழ 15%), தலைக்கு வீட்டுச் செலவு 0.028 அலகும் (ஏறத்தாழ 3%) கூடியதாக முடிவு. பின்னர் டேவிட் ரூட்மன் என்ற ஆய்வாளர் அதை மறுபகுப்பாய்வு செய்தார். வயதையும் பிறந்த ஆண்டையும் ஒரே சமன்பாட்டில் வைத்ததால் வந்த சிக்கலே அந்த முடிவு என்று எழுதினார்.

இந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு, ஆறு மாத அவகாசத்தில் மேலே போக விரும்பினால் நான்கு வழிகள் உண்டு. மூல ஆசிரியர்களின் கணினி நிரலை அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். அதே கணக்கெடுப்பின் மூலக் கோப்புகளிலிருந்து எல்லா மாறிகளையும் புதிதாகக் கட்டலாம். அதே திட்டத்தை வேறு கணக்கெடுப்புகளில் சோதிக்கலாம். அல்லது வேறு நாடு, வேறு தடுப்பூசி என்று போகலாம். எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி. முதலாவது அதற்கு வாசல்படி மட்டுமே. மூன்றாவது நல்ல துணை. நான்காவது இந்தக் கேள்விக்கு மாற்றாகாது.

எந்த வழியில் இறங்கினாலும் முதல் நாள் மாலையே ஒரு தாள் கணக்குப் போட்டுவிடுங்கள். 1992-93இல் நடந்த முதல் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லாத் தடுப்பூசிகளும் போட்டவர்கள் 35.4%, தட்டம்மை ஊசி போட்டவர்கள் 42.2%. அதாவது திட்டம் மாவட்டத்துக்கு வந்ததாலேயே எல்லாக் குழந்தைக்கும் ஊசி கிடைத்துவிடவில்லை. 1978 முதலே பிசிஜியும் முத்தடுப்பு ஊசியும் ஓரளவு போடப்பட்டு வந்ததால், திட்டத்தால் கூடிய பங்கு இன்னும் குறைவு. 30 சதவீதப் புள்ளி கூடியது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 0.138ஐ 0.30ஆல் வகுத்தால் 0.46. ஊசி போட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் பிற்காலக் கூலி ஏறத்தாழ 58% கூடியிருக்க வேண்டும் என்று பொருள். இதே திட்டம் படிப்பை எவ்வளவு உயர்த்தியது என்று நந்தியும் வேறு சிலரும் 2020இல் கணித்தது 0.18 வகுப்பு. ஒரு வகுப்புக்கு 10% கூலி என்று தாராளமாக வைத்தாலும் படிப்பின் வழியே வருவது 2%கூட இல்லை. மீதி முழுவதும் உடல்நலத்தின் வழியே வந்திருக்க வேண்டும். முடியவே முடியாது என்று சொல்ல இது போதாது. ஆனால் எண்ணைச் சந்தேகித்து மூலத் தரவுக்குள் போக இது போதும்.

தடுப்பூசி குழந்தைகளின் உயிரைக் காக்கிறது. அந்த உண்மைக்குக் கூலிக் கணக்கின் முட்டு தேவையில்லை. ஆனால் எந்த நலத்திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்று முடிவு செய்பவர்கள் இப்படிப்பட்ட எண்களைத்தான் மேசையில் வைத்துக்கொள்கிறார்கள். ஊதிப்போன எண் ஒன்று பின்னர் உடைந்தால் அதோடு சேர்ந்து தடுப்பூசியின் நற்பெயரும் அடிபடும். அதனால்தான் இந்த வேலையை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

நிரலை அப்படியே ஓட்டுவது

ஒருவருக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம். ஆசிரியர்களின் நிரலையும் தரவையும் பெற்று, அதே மென்பொருளின் அதே பதிப்பில் ஓட்டி, அட்டவணை எண்கள் மூன்றாம் தசமம் வரை ஒத்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்து வராவிட்டால் காரணம் பெரும்பாலும் சில்லறைதான்: கூடுதல் கட்டளைத் தொகுப்பின் பதிப்பு மாறியிருக்கும், வரிசைப்படுத்தும்போது சமமான வரிசைகள் இடம் மாறியிருக்கும், தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண் கொடுக்கப்பட்டிருக்காது. எல்லாம் ஒத்து வந்தாலும் நிரல் சொன்னதைச் செய்கிறது என்பது மட்டுமே உறுதியாகும். சொன்னது சரியா என்ற கேள்வி அப்படியே இருக்கும். மேலே சொன்ன வயதுச் சிக்கல் இந்தச் சோதனையில் ஒருபோதும் அகப்படாது. ஆகவே இதிலேயே நின்றுவிடுவது காலவிரயம். இதைச் செய்யாமல் தாவுவதும் தவறு. பின்னால் உங்கள் எண் மாறும்போது எந்தப் படியில் மாறியது என்று காட்ட முடியாமல் போய்விடும்.

மூலக் கோப்பிலிருந்து கட்டுவது

சும்மன் குழு பயன்படுத்திய கணக்கெடுப்பான தேசிய மாதிரி ஆய்வின் 68ஆம் சுற்று 2011 ஜூலை முதல் 2012 ஜூன் வரை, மும்மாதத்துக்கு ஒன்றாக நான்கு துணைச் சுற்றுகளில் நடந்தது. வேலைவாய்ப்பு அட்டவணை 1,01,724 வீடுகளையும் 4,56,999 பேரையும் தொட்டது. மூலக் கோப்புகளைப் புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்து இலவசமாக எடுக்கலாம்.

இனி வயதுக் கணக்கு. எல்லாம் தங்கி நிற்பது இதன் மேல்தான். இந்தச் சுற்றில் பிறந்த தேதி கேட்கப்படவில்லை. முடிந்த வயது மட்டுமே உண்டு. பிறந்த ஆண்டு வேண்டுமென்றால் பேட்டி எடுத்த ஆண்டிலிருந்து வயதைக் கழிக்கத் தோன்றும். 2011 நவம்பரில் பேட்டி கொடுத்த 24 வயதுக்காரருக்கு 1987 வரும். 2012 பிப்ரவரியில் பேட்டி கொடுத்த 25 வயதுக்காரருக்கும் 1987தான் வரும். இருவரும் 'ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்', ஆனால் வயது வேறு. எப்படி? ஒருவரைப் புத்தாண்டுக்கு முன் பார்த்தார்கள், மற்றவரைப் பின் பார்த்தார்கள், அவ்வளவே. இப்போது 'திட்டம் கிடைத்தது' என்ற மாறியை வயதை வைத்துக் கட்டி, அதே சமன்பாட்டில் பிறந்த ஆண்டை நிலைத்த விளைவாக (அதாவது ஒரே ஆண்டில் பிறந்தவர்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிடும்படி) வைத்தால், இவர்கள் இருவருக்கும் இடையிலான வேறுபாடே தடுப்பூசியின் விளைவாகக் கணக்கில் ஏறும். உண்மையில் அது 2011க்கும் 2012க்கும் இடையிலான வேறுபாடு: அந்த மாதங்களில் ஏறிய விலைவாசி, அறுவடைக் காலக் கூலி, துணைச் சுற்றுகளில் அகப்பட்ட வேறு வேறு கிராமங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எந்த மறுஆய்விலும் முதலில் செய்ய வேண்டியது இதுவே. கூலியைத் தொடாதீர்கள். 'திட்டம் கிடைத்தது' மாறியைச் சமன்பாட்டின் இடப்பக்கம் வைத்து, மாவட்டம், பிறந்த ஆண்டு, மற்றக் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் வலப்பக்கம் வைத்து ரிக்ரஷன் (ஒரு மாறியை மற்றவற்றால் விளக்கும் கணக்கு) ஓட்டுங்கள். விளக்கப்படாமல் எஞ்சும் மிச்சத்தை எடுத்து, பேட்டி நடந்த மாத வாரியாகச் சராசரி போட்டு வரையுங்கள். மிச்சம் டிசம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் படிக்கட்டு மாதிரி ஏறினாலோ இறங்கினாலோ உங்கள் விடை தடுப்பூசியிலிருந்து வரவில்லை, நாட்காட்டியிலிருந்து வருகிறது. மிச்சம் திட்டம் தொடங்கிய ஆண்டைச் சுற்றி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

திருத்தம் கடினமல்ல. பிறந்த ஆண்டு தெரியாது, பிறந்த 12 மாத இடைவெளி தெரியும். 2011 நவம்பர் 15 அன்று 24 வயது என்றால் அவர் 1986 நவம்பர் 16 முதல் 1987 நவம்பர் 15 வரை ஏதோ ஒரு நாளில் பிறந்தவர். மாவட்டத்தில் திட்டம் 1987 ஏப்ரல் 1இல் தொடங்கியதாக வைத்தால், அந்த இடைவெளியில் 229 நாட்கள் தொடக்கத்துக்குப் பின் வருகின்றன. 229ஐ 365ஆல் வகுத்தால் 0.63. ஆம், இல்லை என்ற இரண்டு மதிப்புகளுக்குப் பதிலாக இந்தப் பின்னத்தைப் போடுங்கள். கூடவே பேட்டி நடந்த மாதத்தை நிலைத்த விளைவாகச் சேருங்கள்.

பிறப்பை மட்டும் எல்லையாக வைப்பதிலும் ஒரு கேள்வி உண்டு. தட்டம்மை ஊசி 9 மாதத்தில் போடப்படுவது. திட்டம் தொடங்கிய நாளில் ஆறு மாதக் குழந்தையாக இருந்தவருக்கும் அது உரிய வயதில் கிடைத்திருக்கும். ஆகவே எல்லையைத் தொடக்க நாளிலேயே வைத்து ஒன்று, 9 மாதம் முன்தள்ளி ஒன்று, 12 மாதம் முன்தள்ளி ஒன்று என்று மூன்று விதமாகக் கட்டி மூன்றையும் வெளியிடுங்கள். விளைவு உண்மையானால் இந்தச் சிறு நகர்வுகளில் அதன் கூட்டல் கழித்தல் குறி மாறாது.

வயதில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வயது கேட்டால் மக்கள் 25, 30, 35 என்று முழுமையாகச் சொல்லும் பழக்கம் உண்டு. 2011-12இல் 25 என்று சொன்னவர் கணக்குப்படி 1986-87 வாக்கில் பிறந்தவர். திட்டம் பரவிக்கொண்டிருந்த அந்த நடு ஆண்டுகளிலேயே குவியல் விழுகிறது. 25 வயதினரை விட்டுவிட்டு ஒருமுறை, 24 முதல் 26 வரை உள்ளவர்களை விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது மாவட்டம். 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 412 மாவட்டங்கள், 2011இல் 640. திட்டம் தொடங்கிய ஆண்டு பழைய எல்லைகளின்படி பதிவானது, கணக்கெடுப்போ புதிய எல்லைகளின்படி நடந்தது. விழுப்புரம் என்று ஒரு மாவட்டம் 1993க்கு முன் கிடையாது, அது தென்னாற்காட்டின் பகுதி. வேலூரும் திருவண்ணாமலையும் 1989 வரை வடாற்காடு. ஒவ்வொரு புதிய மாவட்டத்துக்கும் தாய் மாவட்டத்தின் தொடக்க ஆண்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு தாய் மாவட்டங்களிலிருந்து துண்டுகள் எடுத்து உருவானவற்றை மக்கள்தொகைப் பங்கின்படி பிரிக்கலாம் அல்லது விட்டுவிடலாம். விட்டவை எத்தனை என்று எழுதுங்கள். இந்த அட்டவணையை இருவர் தனித்தனியாகத் தயாரித்து ஒப்பிடுவது நல்லது. பெயர் ஒற்றுமையை நம்பி இணைத்தால் பிழை நிச்சயம், ஏனென்றால் ஒரே பெயரில் வெவ்வேறு மாநிலங்களில் மாவட்டங்கள் உண்டு. மாநிலக் குறியீட்டையும் சேர்த்தே இணைக்க வேண்டும். திட்டப்பிழைகளையும் (standard errors, மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) இந்தப் பழைய தாய் மாவட்ட மட்டத்தில்தான் தொகுக்க வேண்டும். தனிநபர் மட்டத்தில் கணித்தால் நம்பிக்கை இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும்.

கூலிக் கோப்பில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. வாரக் கூலி வினாத்தாளின் 5.3ஆம் தொகுதியில் வேலைவாரியாக வருகிறது. ஒருவர் அந்த வாரத்தில் இரண்டு வேலை செய்திருந்தால் அவருக்கு இரண்டு வரிசை. கூட்டாமல் இணைத்தால் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். மற்றது எடை, அதாவது மாதிரியில் உள்ள ஒருவர் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்: இரண்டு துணை மாதிரி எண்ணிக்கைகளும் சமமாக இருந்தால் பெருக்கியை 100ஆலும், இல்லாவிட்டால் 200ஆலும் வகுக்க வேண்டும். இதை மறந்தால் சராசரியே மாறிவிடும்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தாலும் தீராத குறைகள் சில உண்டு. 2011-12இல் உழைப்பாளர்களில் பாதிக்கும் சற்று மேல் சுயதொழில் செய்தவர்கள். அவர்களுக்குக் கூலிப் பதிவே இல்லை. தடுப்பூசியால் உடல் தேறி ஒருவர் கூலி வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு மாறினால் மாதிரியிலிருந்தே மறைந்துபோவார். அதனால் 'கூலி பதிவாகியிருக்கிறதா' என்பதையும் ஒரு விளைவு மாறியாக வைத்துச் சோதிக்க வேண்டும். இன்னொன்று, கணக்கெடுப்பு காட்டுவது இப்போது வசிக்கும் மாவட்டம், பிறந்த மாவட்டமல்ல. திருமணத்தால் இடம் மாறும் பெண்களிடம் இந்தக் குறை பெரிது. ஆண்களைத் தனியாகக் காட்டுவது கட்டாயம்.

இறுதியாக, 1990க்குப் பின் திட்டம் கிடைக்காத மாவட்டமே இல்லை. மாவட்டத்தையும் பிறந்த ஆண்டையும் நிலைத்த விளைவாக வைக்கும் வழக்கமான இருவழி முறை, முன்பே திட்டம் பெற்ற மாவட்டங்களைப் பின்னால் வந்தவற்றுக்கு ஒப்பீடாக எடுத்துக்கொள்ளும். விளைவு ஆண்டுக்கு ஆண்டு மாறினால் விடை கோணும். காலவே, சான்ட்டானா என்ற பொருளியலாளர்கள் இருவரும் 2021இல் தந்த முறையில், இன்னும் திட்டம் பெறாத மாவட்டங்களை மட்டும் ஒப்பிடலாம். ஆனால் அப்போது 1989 வரை பிறந்தவர்களே பயன்படுவார்கள். மாதிரி சுருங்குவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே திட்டம், வேறு கணக்கெடுப்பு

2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இங்கே முதல் தேர்வு. திட்டக் காலத்தில் பிறந்தவர்கள் அதில் முப்பதை ஒட்டிய வயதில், சம்பாத்தியம் நிலைகொண்ட காலத்தில் கிடைக்கிறார்கள். 2011-12இல் அவர்கள் இருபதைத் தாண்டியவர்கள்தான், அதிகம் படித்தவர்கள் பலர் வேலைக்கே போயிருக்கவில்லை. பல ஆண்டுகளை அடுக்கினால், வயதுக் குவியல் ஒவ்வொரு ஆண்டும் வேறு பிறப்பாண்டில் விழுவதால் அந்தக் கறையும் மங்கும். 2017-18இல் 30 என்பது 1987-88, 2019-20இல் 1989-90. ஆனால் இதிலும் பிறந்த தேதி கிடையாது. மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு அப்படியே வேண்டும்.

நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2015-16, பெண்களின் பிறந்த மாதமும் ஆண்டும் கேட்டது. 640 மாவட்டங்கள், 6,99,686 பெண்கள். வயதுச் சிக்கலிலிருந்து பெருமளவு விடுதலை. ஆனால் கூலி இல்லை. பள்ளி வகுப்பு, உயரம், வீட்டுச் சொத்துக் குறியீடு இவைதான். கூலியில் விளைவு உண்டென்றால் படிப்பிலோ உயரத்திலோ அதன் தடம் தெரிய வேண்டும் என்ற வகையில் இது நல்ல சாட்சி. தனியாக நிற்கும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011-12இல் நடந்த இரண்டாவது இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் கூலியும் சுயதொழில் வருமானமும் உண்டு, ஆனால் வீடுகள் சுமார் 42,000தான். மாவட்ட வேறுபாட்டில் தங்கும் முறைக்கு இது மெலிந்த மாதிரி.

வேறு நாடு, வேறு தடுப்பூசி

அமெரிக்காவில் தட்டம்மைத் தடுப்பூசி 1963இல் உரிமம் பெற்றது. அலிசியா ஆட்வுட் 2022இல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசிக்கு முன் தட்டம்மை அதிகம் பதிவான மாநிலங்களில், தடுப்பூசி வந்தபின் வளர்ந்தவர்களின் பின்னாள் சம்பாத்தியம் கூடுதலாக உயர்ந்தது என்று காட்டியது. தரவு திறந்தது, சுத்தமானது, மாதிரி மிகப் பெரிது. சிறு குழுவுக்கு ஆசை காட்டும் களம்தான். சிக்கல் நோயின் இயல்பில் இருக்கிறது. தடுப்பூசிக்கு முன் அங்கே ஏறத்தாழ எல்லாக் குழந்தைக்கும் தட்டம்மை வந்தது. ஆண்டுக்கு 40 லட்சம் பிறப்புகள், பதிவான தட்டம்மை சுமார் 5 லட்சம். எட்டில் ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது. அப்படியானால் ஒரு மாநிலத்தில் எண் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருப்பது நோயின் வேறுபாட்டைவிட, மருத்துவர்கள் எவ்வளவு ஒழுங்காகப் பதிந்தார்கள் என்ற வேறுபாட்டையே அதிகம் சொல்லும். ஒழுங்காகப் பதிந்த மாநிலம் வேறு பலவற்றிலும் வேறுபட்டிருக்கும். மக்கள்தொகையால் வகுத்தால் பிறப்பு வீதமும் உள்ளே கலக்கிறது. இங்கே மறுஆய்வு செய்பவர் பிறப்பு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும், பிறந்த ஆண்டுவாரியாக விளைவை வரைந்து 1947க்கு முன் பிறந்தவர்களிடம் கோடு தட்டையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1965க்குப் பின் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடும் முன்பள்ளித் திட்டமும் அதே தலைமுறையைத் தொட்டதை மறக்கவும் கூடாது.

வங்கதேசத்தின் மத்லப் பகுதி இதற்கு நேர் எதிர். அங்கே 1982இல் இரண்டு வட்டாரங்களிலும் 1985 இறுதியில் மற்ற இரண்டிலும் தட்டம்மை ஊசி தொடங்கியது. யார், எந்த நாளில் பிறந்தார், எந்த நாளில் ஊசி போட்டார் என்று பதிவு உண்டு. வயதுச் சிக்கல், பதிவுச் சிக்கல் இரண்டும் இல்லை. பள்ளிச் சேர்க்கை பற்றிய 2015 ஆய்வு ஒன்று சிறுவர்களிடம் உயர்வும் சிறுமிகளிடம் விளைவின்மையும் கண்டது. ஆனால் ஒப்பிடக் கிடைப்பது இரண்டுக்கு இரண்டு வட்டாரம் மட்டுமே. தனிநபர் தரவுக்கு அனுமதியும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். ஆறு மாதத்தில் பாதி அதிலேயே கரையும்.

எந்தக் குழுவுக்கு எது

பழைய மாவட்ட எல்லைகளோடு பொறுமையாக மல்லுக்கட்டக்கூடிய ஒருவர் குழுவில் இருந்தால் இரண்டாவது வழியில் இறங்குங்கள். முதல் இரண்டு வாரம் நிரலை ஓட்டுவது. அடுத்த ஆறு வாரம் மாவட்ட அட்டவணையும் பிறப்பு இடைவெளிக் கணக்கும். அதன்பின் ஒரு வாரம் மிச்சத்தை மாதவாரியாக வரையும் சோதனைக்கு. இந்தக் கட்டம் முடியும் வரை கூலிக் கோப்பைத் திறக்காமல் இருக்க முடிந்தால் மிகவும் நல்லது. எந்த எல்லை, எந்த மாதிரி, எந்த மட்டத்தில் திட்டப்பிழை என்பதைத் தேதியிட்டு எழுதிப் பொதுவில் வைத்துவிட்டுத் திறவுங்கள். மீதிக் காலத்தில் காலமுறைக் கணக்கெடுப்பில் அதே சமன்பாட்டை ஓட்டலாம். 1970 முதல் 1979 வரை பிறந்தவர்களுக்குப் போலித் தொடக்க ஆண்டு கொடுத்து அதே நிரலை ஓட்டும் சோதனையையும் விடக்கூடாது. அவர்களிடமும் 'விளைவு' தெரிந்தால் அட்டவணையை வெளியிடாமல் வயதுக் கணக்குக்கே திரும்பிப் போக வேண்டும்.

மாவட்ட வேலைக்கு ஆள் இல்லை, ஒருவர்தான் இருக்கிறார் என்றால் குடும்பநல ஆய்வை எடுத்துப் படிப்பையும் உயரத்தையும் மட்டும் சோதிப்பது நேர்மையான சிறு வேலை. அதிலும் தாய் மாவட்ட அட்டவணை தேவை, ஆனால் பிறந்த மாதம் கையில் இருப்பதால் மற்றப் பாதி வேலை குறைகிறது.